பழம் தெரியும் உயரம்

பத்து இருபது. பத்து ஐம்பதுக்கு பெலிக்ஸ் வருவார். வருவார் என்றால் வாசலுக்கு இல்லை, லேப்டாப்புக்கு. அவருக்கென்று எங்கள் கம்பெனியில் தனிக் கணக்கு கிடையாது, மேரியின் லேப்டாப்பிலிருந்துதான் வர முடியும், அதனால் ‘சகாயமேரி காத்திருக்கிறார்’ என்றுதான் மணியடித்துக் காட்டும். அதை நினைத்தபடியே இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறேன். புதுத் திரைச்சீலையின் ஓரத்தில் ஒரே மடிப்பை நாலாவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று சாயங்காலம் அவர் அனுப்பிய செய்தி மனப்பாடமாகிவிட்டது. ‘மேடம், வணக்கம். நாளை மீட்டிங்குக்குப் பத்து நிமிடம் முன்னால் உங்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். பெலிக்ஸ், சகாயமேரியின் கணவர்.’ சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை, கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். மூன்று வாரமாக அந்தக் கேள்வியோடுதான் சாப்பிடுகிறேன், குளிக்கிறேன். அவள் செத்துக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்பார். இன்று காலை பல் தேய்க்கும்போது முடிவு செய்துவிட்டேன். தெரியும் என்று சொல்லிவிட வேண்டும். பார்த்தேன், பார்த்தும் கேட்காமல் இருந்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். திட்டினால் திட்டட்டும். திட்டினால் நல்லது.

நாற்காலிக்குப் பின்னால் இன்னும் பழைய சீலைதான் தொங்குகிறது. மாதுளை மரம். கீழே புல், புல்லிலிருந்து வெறும் தண்டு, தண்டுக்கு மேலே கிளை, கிளையெல்லாம் சிவப்புப் பழம், பழத்தைக் கொத்த வரும் இரண்டு பச்சைக் குருவி. ஏழு அடி நீளத்துக்கு ஒரே மரம். இந்தக் கரூரில் இருந்துகொண்டு வெளிநாட்டு ஜன்னல்களுக்குத் திரைச்சீலையும் படுக்கைவிரிப்பும் போடுகிற கம்பெனிகளில் எங்களுடையதும் ஒன்று. டிசைன் செக்‌ஷனை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது நாங்கள் நான்கு பேர். நான் திலகவதி, பொறுப்பு என்னுடையது. ஆம்பூரில் இர்ஃபான், நிறம் பிரிக்கிறவன். சென்னிமலையில் கமலவேணி, நெசவுக் கணக்கு அவளுடையது. திண்டுக்கல்லில் சகாயமேரி, மரமும் பூவும் வரைகிறவள். ஒவ்வொரு ஸ்கிரீனிலும் ஒரு சிவப்பு தெரிந்தால் எந்தச் சிவப்பை நம்புவது? அதற்காக நான்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தேன். சீசனுக்கு ஒரு டிசைனில் ஒரே மாதிரி ஏழடிச் சீலை நான்கு வெட்டி நான்கு வீட்டுக்கும் அனுப்பினேன். ஆளாளுக்கு முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள வேண்டும். ‘உன் சிவப்பு பழுப்படிக்குது, லைட்டை மாத்து’ என்று உடனே சொல்லலாம். நிறத்துக்காகச் செய்தது, கடைசியில் பார்த்தால் நான்கு கட்டமும் சேர்ந்து ஒரே அறை ஆகிவிட்டது. ஒரே நீளச் சீலைக்கு முன்னால் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிற மாதிரி. வெளிநாட்டு வியாபாரி ஒருத்தி அதைப் பார்த்துக் கைதட்டிவிட்டாள். அன்றைக்குப் பிடித்தது எனக்குக் கிறுக்கு. எல்லோர் தோளுக்கும் மேலே பழம் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும், வரிசை தப்பக் கூடாது. மீட்டிங்கில் முதல் ஐந்து நிமிடம் இதற்கே போகும். இர்ஃபான் சலித்துக்கொள்வான், கமலவேணி நாற்காலிக்கு அடியில் தலையணை போட்டுக்கொள்வாள். மேரி மட்டும் ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டாள்.

கேட்டலாக்கில் அச்சடிக்கிற குறிப்புகளும் நான் எழுதுவதுதான். வீட்டில் டிசைனை எப்படிப் பயன்படுத்துவது. சின்ன அறைக்குப் பெரிய பூ போடப் பயப்படாதீர்கள். ஒரு துணி பேசினால் மற்றதெல்லாம் சும்மா இருக்கட்டும். கண் இளைப்பாற ஒரு வெற்றுச் சுவரை விட்டுவையுங்கள். பொல்லாத சுவர் இருந்தால், விரிசல், ஈரம், பழைய ஆணித் துளை, அதன் மேல் ஒரு நல்ல டிசைனைத் தொங்கவிடுங்கள். எழுதும்போது எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தது. என் வீட்டில் இந்த மாதுளை மரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? மடிக்காத துணி ஒரு குவியல், ஓடாத தையல் மெஷின், என் வீட்டுக்காரர் மளிகைக் கடையிலிருந்து கொண்டுவந்து போட்ட காலி அட்டைப்பெட்டிகள். நான்கு வருஷமாக அதை ஒருத்தரும் பார்த்ததில்லை. இர்ஃபானுக்குப் பின்னால் என்ன என்று எனக்குத் தெரியாது. கமலவேணிக்குப் பின்னால் ஒரு குழந்தை அழும், உடனே அவள் மைக்கை அணைத்துவிடுவாள். மேரிக்குப் பின்னால் ஒரு கட்டில் இருந்திருக்கிறது. கட்டில் தலைமாட்டில்தான் சீலை தொங்கியிருக்கிறது. நாற்காலியிலிருந்து அவள் எப்போது கட்டிலுக்குப் போனாள்? பங்குனியிலா? சித்திரையிலா? அந்தத் தேதியைத்தான் நான் தேடிக்கொண்டே இருக்கிறேன், கிடைத்துவிட்டால் என்னவோ ஆகிவிடும் என்பதுபோல.

பங்குனியில் மெலிந்திருந்தாள். ‘என்ன மேரி, வாக்கிங் போறியா’ என்றேன். ‘ஆமாக்கா, காலையில மலைக்கோட்டைய ஒரு சுத்து’ என்றாள். அதை நான் நம்பினேன். அதை நம்பினேன் என்று சத்தியம் பண்ணுவேன். பிறகு ஒரு திங்கட்கிழமை அவள் தோளுக்கு மேல் பழம் இல்லை. வெறும் தண்டு. அவளும் லேப்டாப்பும் சேர்ந்து கீழே இறங்கியிருந்தார்கள். அடுத்த வாரம் இன்னும் கீழே. புல் நுனிகூட எட்டிப் பார்த்தது. வாரத்துக்கு இரண்டு விரற்கடை என்று ஒரு ஆள் கீழே போய்க்கொண்டிருக்கிறாள். அதை அளந்து சொல்ல இந்த நாட்டில் என்னைவிடத் தகுதியான கண் கிடையாது, அந்த மரத்தை அங்குலம் அங்குலமாகச் சரிபார்த்தவள் நான். சரியாகத்தான் அளந்தேன். அளந்துவிட்டு நான் சொன்னது என்ன? ‘மேரி, உன் மரத்துல பழமே காணோமே, குள்ளமாயிட்டியா? வியாழக்கிழமை அந்த வெளிநாட்டு பையர் வர்றா, வரிசைய சரி பண்ணு.’ எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். சிரிக்கும்போது ஒரு கையால் எதையோ பிடித்துக்கொண்டாள். அது என்னவென்று இப்போது தெரிகிறது, கட்டில் சட்டம். வியாழக்கிழமை பழம் திரும்பி வந்துவிட்டது. தோளுக்கு மேல் சரியாக, குருவியோடு. எனக்கு எவ்வளவு நிம்மதி. பார்த்தாயா, நாற்காலிதான் கோளாறு, மாற்றிவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வியாழக்கிழமை எடுத்த படத்தைத்தான் கம்பெனி பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது.

புதுச் சீலைக்கு வளையம் கோத்தாகிவிட்டது. பத்து முப்பத்தைந்து. மேஜையில் இன்னொரு தொல்லை கிடக்கிறது, மேனேஜர் கேட்ட காகிதம். தூரத்திலிருந்தபடி வெற்றிகரமான குழுவை உருவாக்குவது எப்படி, ஒரு பக்கத்துக்குள், ஆண்டு விழா மலருக்கு. ‘உங்க டீமைத்தான் மேடம் எல்லாரும் உதாரணமா சொல்றாங்க’ என்றார். மேரி இருக்கும்போதே எழுத ஆரம்பித்தது. எல்லோருக்கும் பொதுவான ஒரு பொருள் இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறேன். கேலிக்கு இடம் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். குரலைவிட முகத்தைக் கவனியுங்கள், சின்ன மாற்றத்தையும் பொறுப்பாளர் கண்டுகொள்ள வேண்டும் என்று நானே, என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு கோடு வேறு. அந்தக் காகிதத்தைக் கசக்கவும் கை வரவில்லை, முடிக்கவும் வரவில்லை, அதன் மேல் டீ டம்ளரை வைத்துவைத்து வட்டம் வட்டமாகக் கறை.

கண்டுகொள்ளவில்லை என்று சொல்லமுடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். இத்தனை நேரம் நாற்காலி, வாக்கிங் என்று சுற்றிச் சுற்றி வந்ததெல்லாம் அந்த ஒரு செவ்வாய்க்கிழமைக்கு வராமல் இருக்கத்தான். ஆடி மாதம். இர்ஃபான் சிவப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். மேரி லேப்டாப்பை லேசாக நகர்த்தினாள், அவள் கட்டத்தில் சீலையின் மேல் ஓரம் தெரிந்தது. தெரியவே கூடாத ஓரம் அது, உத்தரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. அதற்கு மேலே நாலு விரற்கடைக்குப் பச்சைச் சுண்ணாம்புச் சுவர். சுவரில் ஒரு ஆணி, ஒன்றும் மாட்டாத வெற்று ஆணி. அவ்வளவுதான். ஒரு விநாடி, இரண்டு விநாடி. அதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பழம் திரும்பி வந்தது அவள் நிமிர்ந்ததால் இல்லை, சீலையை இறக்கியதால். நிமிர முடியாத ஒருத்திக்காக வீட்டில் யாரோ அந்த ஆணியிலிருந்து கழற்றிக் கீழே வேறு ஆணி அடித்திருக்கிறார்கள். என் வரிசைக்காக. அவளுக்கு மட்டும் போகும் செய்திப் பெட்டியைத் திறந்து ‘மேரி, என்னம்மா ஆச்சு உனக்கு’ என்று எழுதினேன். எழுதி, அனுப்புகிற அம்புக்குறி மேல் விரலை வைத்து, வைத்தபடியே இருந்தேன். கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது. சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? அடுத்த சீசனுக்கு அவளை விட்டால் வரைய ஆள் கிடையாது என்றும் அதே விநாடியில் தோன்றியது. அதையும் மறைக்கப் போவதில்லை, அதுவும் தோன்றியது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அழித்துவிட்டு, ‘இர்ஃபான், சிவப்பு இன்னும் தூக்கல்தான்’ என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அதன் பிறகு அவள் ஐந்து மீட்டிங்குக்கு வந்தாள். ஐந்து தடவையும் நான் அவள் கட்டத்தைப் பார்க்காமல் பேசினேன்.

சாவுச் செய்தி ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெலிக்ஸிடமிருந்து வந்தது. முதுகெலும்பில் கட்டி, ஏழு மாதம், பாதி நாள் கட்டிலில்தான், யாரிடமும் சொல்லக் கூடாது என்றுவிட்டாள், மறுநாள் நாலு மணிக்கு அடக்கம். ஞாயிற்றுக்கிழமை கரூர் பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மடியில் சம்பங்கி மாலை. ரெண்டு மணி நேரப் பயணம். போனால் அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும், அந்த ஆணியைப் பார்க்க வேண்டும். டிரைவர் ஏறி ஹாரன் அடித்ததும் இறங்கிவிட்டேன். கண்டக்டர், ‘ஏனுங்க, எறங்கறீங்க?’ என்றார். கால் வலி என்றேன், சாவுக்குப் போகிற பஸ்ஸிலிருந்து இறங்க அது ஒரு காரணமா. மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டாண்டு பிள்ளையாருக்குச் சாத்திவிட்டு வந்தேன். வேதக்காரிக்கு, சர்ச்சுக்குப் போகிறவளுக்கு வாங்கினது. அவள் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். வீட்டுக்காரரிடம்கூட இது எதையும் சொல்லவில்லை. ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்ல முடியும், அந்த ஆணியை அடித்த ஆளிடம்.

மணி அடித்துவிட்டது. பத்து நாற்பத்தெட்டுக்கே. ‘சகாயமேரி காத்திருக்கிறார்.’ புதுச் சீலை நாற்காலி மேல் கிடக்கிறது, பழைய மரம் அப்படியே முதுகுக்குப் பின்னால் நிற்கிறது, கிடக்கட்டும். உள்ளே விட்டேன். அவர் முகம் நான் நினைத்த மாதிரி இல்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் என்று மேரி சொல்லியிருக்கிறாள், மீசையும் அதட்டலுமாக ஒருவரைக் கற்பனை செய்துவைத்திருந்தேன். இவர் நரைத்த தாடியோடு, காதோரம் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு, கேமராவை எங்கே பார்ப்பதென்று தெரியாமல் என் நெற்றிக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பின்னாலும் மாதுளை மரம். பழம் அவர் இடுப்புக்குப் பக்கத்தில் தெரிந்தது. இடைஞ்சல் பண்றனா மேடம் என்றார், இல்லைங்க, சொல்லுங்க என்றேன். லேப்டாப்பை எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டார், சொன்னேன். துணியையும் அனுப்ப வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும் என்றேன். கேள்வி இதுதானோ என்று ஒரு கணம் அற்ப ஆசை. இல்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பெலிக்ஸ், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன், அவரும் அதே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார், இந்த மாதிரிப் பேச்சில் இரண்டு பேர் குரலும் முட்டிக்கொண்டால் ஒன்றும் கேட்காது, நீங்க சொல்லுங்க என்று விட்டுக்கொடுத்தேன்.

மீட்டிங் இருக்கிற அன்றைக்கெல்லாம் அவள் விடிந்ததும் தலை சீவிவிடச் சொல்வாளாம். மாத்திரையைத் தள்ளிப்போடுவாளாம், தூக்கம் வந்துவிடக் கூடாதென்று. ஆஸ்பத்திரியில், தெருவில், சொந்தத்தில் எல்லோரும் அவளை ஒரு மாதிரி பார்த்தார்களாம், அவளோடு பேசாமல் அவளுடைய நோயோடு பேசினார்களாம். “அந்த ஒரு மணி நேரந்தான் நான் சீக்காளி இல்லைம்பா, மேடம். அக்கா என்னைய குள்ளச்சின்னு கேலி பண்றாங்க பாரு, அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு அவ்வளவு சந்தோசம்” என்றார். “ஒரு நாள் மட்டும் பயந்துட்டா. நீங்க அவளுக்குத் தனியா என்னமோ எழுதறீங்கன்னு அதுல காட்டிச்சாம். புள்ளி புள்ளியா ஓடிட்டே இருந்துச்சாம், ரொம்ப நேரம். போச்சு, அக்கா கண்டுபுடிச்சுட்டாங்கன்னு என் கையப் புடிச்சுக்கிட்டா. அப்புறம் ஒண்ணும் வரல. தப்பிச்சேன்டான்னு சிரிச்சா பாருங்க, அதான் அவ கடைசியா நல்லா சிரிச்சது.” அவர் இப்போதுதான் சரியாகக் கேமராவைப் பார்த்தார். “அது மட்டும் எனக்கு மனசுல கெடந்து உறுத்துது. அன்னிக்கு என்ன மேடம் எழுதுனீங்க? தெரிஞ்சுபோச்சா உங்களுக்கு?”

காலையிலிருந்து ஒத்திகை பார்த்த பதில் நாக்கு நுனியில் நின்றது. தெரிஞ்சுபோச்சு. ஒரே வார்த்தை. சொன்னால் இந்த நெஞ்சிலிருந்து இறங்கிவிடும், இறங்கி நேராக அவர் மடியில் போய் உட்காரும். மாத்திரையைத் தள்ளிப்போட்டு, வலியைப் பல்லைக் கடித்து விழுங்கி அவள் சம்பாதித்த ஒரு மணி நேரங்களை எல்லாம் நான் திரும்பப் பிடுங்கிக்கொண்டதாகும். அந்தச் சிரிப்பையும். என்னால் அவளுக்குக் கொடுக்க முடிந்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான், அதுவும் என் கோழைத்தனத்தால் கொடுத்தது. இனி இதை யாரிடமும் சொல்ல முடியாது என்று தெளிவாகத் தெரிந்தது. அவரிடம் சொல்லாததை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

“செவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குதுன்னு எழுதினேனுங்க. அப்புறம் எல்லாருக்குமே சொல்லிக்கலாம்னு அழிச்சுட்டேன். அவ்வளவுதான். எங்களுக்கு எதுவுமே தெரியலைங்க, நீங்க சொல்லித்தான் தெரியும்.”

பெலிக்ஸ் மூச்சை விட்டார். அந்தச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. “நெனைச்சேன். அதானே” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனால் முகம் லேசாகிவிட்டது. ரொம்ப நன்றி மேடம் என்றார். எனக்கு நன்றி. பதினோரு மணி ஆகப் போகிறது, அவங்கல்லாம் வந்துடுவாங்க, நான் வச்சிடறேன் என்று எழுந்தவர், எப்படி அணைப்பதென்று தெரியாமல் லேப்டாப்பைக் கையில் தூக்கினார். எதை எதையோ அழுத்தினார். கேமரா ஆடியது. கட்டிலின் சட்டம் தெரிந்தது, மடித்துவைத்த பாய் தெரிந்தது, பிறகு சீலை, பிறகு சீலைக்கு மேலே அந்தப் பச்சைச் சுவர் உத்தரம் வரைக்கும் முழுசாகத் தெரிந்தது. உத்தரத்தை ஒட்டி ஓர் ஆணி. அதற்குக் கீழே ஒன்று. அதற்கும் கீழே இன்னொன்று. பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள், பழம் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல அவர் அளந்து குறித்திருக்கிறார். நான்கு ஆணிகள் எண்ணினேன், ஐந்தாவதில் சீலை தொங்கியது. நான் ஒன்றைத்தான் பார்த்திருந்தேன். கட்டம் அணைந்தது. உடனே இர்ஃபானும் கமலவேணியும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், இருவரும் புதுச் சீலையைச் சுருக்கமில்லாமல் மாட்டியிருந்தார்கள். ‘அக்கா, நீங்க இன்னும் மாத்தலையா?’ என்று கமலவேணி கேட்டாள். நேரம் கிடைக்கலை என்றேன். மூன்று கட்டம்தான், ஸ்கிரீனில் ஓரத்தில் இடம் மிஞ்சியிருந்தது. வரிசை சரியா இருக்கா அக்கா, பாத்துச் சொல்லுங்க என்றான் இர்ஃபான். சரியா இருக்கு, ஆரம்பிக்கலாம் என்றேன்.